தாராவி ஒரு செட்டாகத் தெரிந்தபோது

புது டிவியில் பழைய படம் போட்டால் சீரியல் மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், எந்தக் காட்சியில் அப்படித் தோன்றியது என்று விவரமாகக் கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல வராது. படம் தெளிவாகத்தான் இருந்தது, நிறமும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் என்னவோ போல இருந்தது என்பார்கள். அந்த ‘என்னவோ’வை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒரு கலை கிட்டத்தட்ட நூறு வருஷமாகத் தனக்கென்று ஒரு தோற்றத்தை வளர்த்து வைத்திருக்கிறது. டிவிக்குள் இருக்கும் ஒரு சிப், அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று அதை யாரையும் கேட்காமல் மாற்றிவிடுகிறது. மாறியது எது என்று நம்மால் சொல்ல முடியாவிட்டால், அது போனதே தெரியாமல் போய்விடும்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது ‘நாயகன்’. மதுரையில் சித்தப்பா வீட்டில் ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். கண்புரை ஆபரேஷன் முடிந்த கையோடு சித்தப்பா ஒரு பெரிய டிவி வாங்கியிருந்தார். பல வருஷம் மங்கலாகப் பார்த்த மனிதர். பளிச்சென்று பார்க்க ஆசைப்பட்டார். அந்தப் படத்தை 1987-ல் வெளியானபோதே தியேட்டரில் பார்த்தவர் அவர். நான் சின்ன டிவியிலும் பிறகு லேப்டாப்பிலும் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவன். மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதி வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தச் சந்து, தகரம், ஒழுகும் கூரை எல்லாம் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் போட்ட செட் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டே எத்தனையோ முறை அதைத் தாராவியாக நம்பிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக அது ஸ்டுடியோவுக்குள் போட்ட செட்டாகவே தெரிந்தது. சுவர் சுவராக இல்லை, சுவர் மாதிரி பூசப்பட்ட பலகையாக இருந்தது. ஓரத்தில் நடந்து போகிறவர்கள் ‘இப்ப நட’ என்று யாரோ சொன்னதற்காக நடப்பது போல இருந்தது. வயதான வேலு நாயக்கரின் நெற்றியில் மேக்கப் எங்கே தொடங்குகிறது என்று என் கண் தேட ஆரம்பித்துவிட்டது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் நிழலில் பாதி முகத்தை விட்டு வைத்த இடங்களில்கூட, அந்த நிழலை விழவைக்கும் விளக்கு எங்கே இருக்கும் என்ற கேள்விதான் வந்தது.

ரிமோட்டை வாங்கி, “சித்தப்பா, இதுல ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆஃப் பண்ணினா சரியாயிடும்” என்றேன். “எதைச் சரி பண்ணப் போற? ஒவ்வொருத்தர் மூஞ்சியும் பளிச்சுனு தெரியுது. பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி இருக்குப்பா” என்றார். நான் ஆஃப் செய்து காட்டினேன். கேமரா பக்கவாட்டில் திரும்பும் ஒரு ஷாட் வந்தது. “இப்ப விட்டு விட்டு ஆடுதே, இது நல்லாவா இருக்கு?” என்று கேட்டார். அவர் சொன்னதும் உண்மைதான், ஆடத்தான் செய்தது. பக்கத்தில் இருந்த அவர் பேரன் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே, “லேக் ஆகுது தாத்தா” என்றான். வீட்டுக்காரருக்குப் பிடித்ததை மாற்ற நான் யார் என்று மறுபடி ஆன் செய்து கொடுத்துவிட்டேன். படம் முடியும்வரை அந்த வழவழப்பிலேயே பார்த்தோம். அவர் ரசித்துப் பார்த்தார். நான் வேறு ஏதோ ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தவறாகப் பார்க்கிறார், நான் சரியாகப் பார்க்கிறேன் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது. தெளிவு வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே? கேமரா, டிவி, திரை என்று எல்லாவற்றிலும் நாம் இத்தனை காலம் கேட்டு வந்தது அதைத்தான். அப்படியிருக்க, கிடைத்த தெளிவு ஏன் ஒரு படத்தைக் கெடுக்க வேண்டும்?

பாதி நேரம் பதியாத படம்

சினிமா என்பது வேகமாக ஓடும் அசையாப் படங்களின் வரிசை, அதில் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 24 பிரேம் என்பது வேதவாக்கு இல்லை. பேசாப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16, 18, 20 என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது. 1920-களின் கடைசியில் படம் பேசத் தொடங்கியதும் வேகத்தை ஒரே எண்ணில் கட்டிப்போட வேண்டி வந்தது. 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 24 என்றால் ஒன்றரை அடி, நிமிஷத்துக்கு 90 அடி. ஒலி கேட்கும்படி இருக்க அந்த வேகம் போதும். அதற்கு மேல் போனால் பிலிம் செலவு எகிறும். ஆக, கலைக்காக யாரும் தவமிருந்து கண்டுபிடித்த எண் அல்ல அது. காசும் காதும் சேர்ந்து முடிவு செய்தது.

ஆனால் அந்த எண்ணுக்குள் நடக்கும் ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேமராவுக்குள் வெளிச்சத்தைத் திறந்து மூடும் வட்டத்தகடான ஷட்டரை வழக்கம்போல் பாதி வட்டம், அதாவது 180 டிகிரி, திறந்து வைத்தால் ஒவ்வொரு பிரேமும் ஒரு நொடியில் 48-ல் ஒரு பங்கு நேரம்தான் வெளிச்சத்தைப் பார்க்கும். அடுத்த 48-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் மூடியிருக்கும், பிலிம் நகரும். அதாவது ஒரு நடிகர் கையை வீசினால், அந்த வீச்சில் பாதி நேரம் எங்கேயும் பதிவாகவே இல்லை. பதிந்த பாதியும் லேசாகக் கலங்கித்தான் பதிகிறது. பழைய புரொஜக்டரிலோ பிலிம் நகரும்போதெல்லாம் திரை இருண்டுவிடும். மினுக்கல் தெரியாமலிருக்க ஒரே பிரேமை இரண்டு தடவை காட்டினார்கள், 24 பிரேம் 48 மின்னலாக வந்து விழுந்தது. நாம் தியேட்டரில் கழித்த நேரத்தில் ஏறக்குறைய பாதி, வெறும் இருட்டு. மீதியைப் பார்க்கிறவரின் மூளை போட்டு நிரப்பியது.

அந்தக் கலங்கலும் இருட்டும் ஒளிப்பதிவாளர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வேலை செய்தார்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது ஒரு பொருள் திரையின் ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறத்தாழ ஏழு நொடியாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தொழில் கணக்கு உண்டு. அதைவிட வேகமாகத் திருப்பினால் சித்தப்பா சொன்ன ‘ஆட்டம்’ வரும். வேண்டுமென்றே அந்தக் கலங்கலைக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள். 1998-ல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் கடற்கரைப் போர்க்காட்சியில் ஒளிப்பதிவாளர் யானுஷ் காமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறுக்கினார். அதே 24 பிரேம்தான். ஆனால் தெறிக்கும் மண் ஒவ்வொரு துகளாகத் தெரிகிறது, ஓடுகிறவர்களின் அசைவு வெட்டி வெட்டி விழுகிறது, பார்க்கிறவருக்குப் பதற்றம் வருகிறது. எவ்வளவு தெரிய வேண்டும், எவ்வளவு தெரியக் கூடாது என்பது அங்கே ஒருவர் யோசித்து எடுத்த முடிவு.

24-ஐத் தாண்டிப் போக ஆசைப்பட்டவர்களும் வெகு காலமாக இருக்கிறார்கள். 1955-ல் ‘ஓக்லஹோமா!’ படத்தை டாட்-ஏஓ என்ற அகலத்திரை முறையில் நொடிக்கு 30 பிரேமில் எடுத்தார்கள். பின்னாளில் ஹாலிவுட்டின் விஷுவல் எஃபெக்ட்ஸ் நிபுணர் டக்ளஸ் டிரம்பல், 70 மி.மீ. பிலிமில் நொடிக்கு 60 பிரேம் ஓடும் ‘ஷோஸ்கேன்’ என்ற முறையை உருவாக்கி, ஒரு முழு நீளக் கதைப்படமாவது அதில் வர வேண்டும் என்று போராடினார். ஸ்டுடியோக்கள் காசு போடத் தயாராக இல்லை. அந்த மனிதரின் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. வழவழப்பே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான்.

கடை வெளிச்சத்துக்காகச் செய்த வேலை

சித்தப்பா வீட்டில் நான் அணைத்துக் காட்டிய அந்தச் செட்டிங்கை டிவிக்காரர்கள் கொண்டுவந்ததற்கு ஒரு நேர்மையான காரணம் இருந்தது. பழைய குழாய் டிவியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். எல்சிடி அப்படி இல்லை. அடுத்த பிரேம் வரும்வரை படத்தை அப்படியே பிடித்து நிறுத்தி வைக்கும். ஓடுகிற பந்தை நம் கண் விடாமல் துரத்திக்கொண்டே போகிறது, திரையில் இருக்கும் பந்தோ ஒரு கணம் நின்று அப்புறம் தாவுகிறது. இந்தப் பொருத்தமின்மையால் கண்ணுக்குள் பந்து இழுபட்டுக் கலங்குகிறது. அதைக் குறைக்க, திரையின் வேகத்தை இரட்டிப்பாக்கி, இரண்டு நிஜ பிரேமுக்கு நடுவே டிவியே கணக்குப் போட்டு ஒரு புது பிரேமை வரைந்து செருகியது. மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன், ஆட்டோ மோஷன் பிளஸ் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்தது. கிரிக்கெட்டுக்கு இது உண்மையிலேயே உபகாரம். ஷோரூமில் வரிசையாக மாட்டி, மலையும் அருவியும் ஓடவிட்டால் கண்ணைப் பறிக்கும். பெரும்பாலான டிவிகள் பெட்டியைத் திறக்கும்போதே இது ஆனில்தான் வருகின்றன. அதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பந்துக்காகச் செய்த மருந்தை யாரும் கேட்காமலே படத்துக்கும் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

அந்த நடு பிரேமை யாரும் எடுக்கவில்லை, யாரும் நடிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கை இங்கிருந்து அங்கே போயிருக்கிறது, ஆகவே நடுவில் இங்கே இருந்திருக்கும் என்று இயந்திரம் ஊகிக்கிறது. சுழலும் மின்விசிறி, விரித்த விரல்கள், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நடக்கும் ஆள் என்று வந்தால் ஊகம் தடுமாறி, ஓரங்களில் பிசிறு பிசிறாகக் கலங்கும். 2018 டிசம்பரில் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் சேர்ந்து, வீட்டில் படம் பார்க்கும் முன் இதை அணைத்துவிடுங்கள் என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். 2019-ல் டிவி கம்பெனிகளும் ஸ்டுடியோக்களும் இருக்கும் யுஹெச்டி அலையன்ஸ் ‘பிலிம்மேக்கர் மோட்’ என்று ஒன்றை அறிவித்தது. நோலனும் ஸ்கார்செஸியும் உட்படப் பல இயக்குநர்கள் அதற்கு ஆதரவாக நின்றார்கள். அதைப் போட்டால் இந்த ஒட்டு வேலை நின்றுவிடும்.

சரி, ஏன் குறிப்பாகச் சீரியல் மாதிரி தெரிகிறது? இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், பழக்கம். நம் ஊர் டிவி தூர்தர்ஷன் காலத்திலிருந்தே ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறைதான். ஒரு பிரேமை இரண்டு பாதியாகப் பிரித்து நொடிக்கு 50 பாதிகளாக அனுப்புவார்கள். வீடியோ கேமராவில் எடுத்த செய்தி, மேட்ச், சீரியல் எல்லாம் அந்த 50-ன் வழவழப்போடு வீட்டுக்குள் வந்தன. படம் மட்டும் பிலிமில் எடுத்ததால் ஏறக்குறைய 24-ன் நடையோடு வந்தது. வருஷக்கணக்கில் இரண்டையும் ஒரே பெட்டியில் பார்த்த கண், வழவழவென்று இருந்தால் அது இப்போது, இங்கே நடப்பது என்றும், லேசாகக் கலங்கி நடந்தால் அது கதை என்றும் பிரித்து வைத்துக்கொண்டது. இது உண்மைதான். ஆனால் இது மட்டுமே காரணமென்றால், 60 பிரேமிலும் 120 பிரேமிலும் கேம் ஆடி வளர்கிற பேரன் தலைமுறை வந்ததும் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட வேண்டும். 24 ஒரு பழைய வாசனை, அவ்வளவுதான் என்று ஆகிவிடும். அந்தப் பதிலோடு என்னால் சமாதானமாக இருக்க முடியவில்லை. வீனஸ் ஸ்டுடியோவின் பலகைச் சுவரை அன்றைக்கு எனக்குக் காட்டியது வெறும் பழக்கம் மாறியது மட்டும்தானா?

தண்ணீருக்குள்ளே

2012 டிசம்பரில் பீட்டர் ஜாக்சன் ‘தி ஹாபிட்’ முதல் பாகத்தை நொடிக்கு 48 பிரேமில் வெளியிட்டபோது எழுந்த சத்தம் நினைவிருக்கலாம். அந்த ஏப்ரலிலேயே லாஸ் வேகஸில் தியேட்டர்காரர்கள் மாநாட்டில் பத்து நிமிஷம் போட்டுக் காட்டியபோது பலர் முகம் சுளித்திருந்தார்கள். ஜாக்சன் ஏதோ விளையாட்டுக்குச் செய்தவர் இல்லை. 48-லேயே எடுத்தார், ரெட் எபிக் கேமராவில், 5கே தெளிவில். ஷட்டரை 270 டிகிரிக்குத் திறந்து வைத்தார். ஒரு பிரேம் விட்டு ஒரு பிரேம் எடுத்து 24-ல் ஓட்டினாலும் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்ற கவனம் அது. அந்தக் கேமரா நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்ததால், காட்டு மரங்களுக்குக் கண்கூசும் வர்ணம் பூசினார்கள். குள்ளர்களின் முக மேக்கப்பில் சிவப்பைக் கூட்டினார்கள். இவ்வளவு செய்தும், விக் விக்காகத் தெரிகிறது, ஒட்டு மூக்கு ஒட்டு மூக்காகத் தெரிகிறது என்ற குறை தீரவில்லை. 2016-ல் ஆங் லீ இன்னும் ஒரு படி மேலே போனார். ‘பில்லி லின்’ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்’ நொடிக்கு 120 பிரேம், 4கே, 3டி. மேக்கப் இந்தக் கண்ணிடம் தப்பாது என்று தெரிந்து, நடிகர்களை அநேகமாக மேக்கப்பே இல்லாமல் நிறுத்தினார். அதை அவர் எடுத்தபடியே முழுசாகக் காட்டக்கூடிய தியேட்டர்கள் உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. படம் ஓடவில்லை. ஆனால் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று கண்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு விஷயம் பிடிபட்டது ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ பார்த்தபோது. 2022 டிசம்பரில் வந்த அந்தப் படத்தில் ஜேம்ஸ் கேமரூன் எல்லா இடத்திலும் 48 வைக்கவில்லை. வேகமான அசைவு, தண்ணீர் என்று தேவைப்பட்ட இடங்களில் 48. மற்ற இடங்களில் அதே பிரேமை இரண்டு முறை காட்டி 24-ன் நடையைத் தக்கவைத்திருந்தார். பெரிய திரையில், 3டி கண்ணாடியோடு, அந்தச் சீரியல் உணர்வு எப்போது வரும் என்று காத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள் இறங்கினார்கள். வரவில்லை. அந்தப் பிள்ளைகள் பவளத்துக்கு நடுவே நீந்துகிறார்கள், தலைமுடி மிதக்கிறது, வெளிச்சம் மேலிருந்து சல்லடையாக விழுந்து தோலின் மேல் நகர்கிறது. 48 பிரேம் அங்கே எதையும் கெடுக்கவில்லை. தண்ணீருக்கு எடையைக் கொடுத்தது, உடம்புக்கு ஆழத்தைக் கொடுத்தது. 24-ல் பார்த்திருந்தால் அந்தத் துல்லியம் கண்ணுக்கு எட்டியிருக்காது. அப்புறம் கட்டடம், கருவி, சீருடை என்று நிஜ மனிதர்கள் வரும் சில இடங்களில் படம் வழுக்கிக்கொண்டு ஓடியபோது, அந்தப் பழைய சங்கடம் லேசாக எட்டிப் பார்த்தது. ஒரே படம், ஒரே திரை, ஒரே கண். என் பழக்கம் மட்டும்தான் காரணம் என்றால், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி அல்லவா உறுத்தியிருக்க வேண்டும்?

தியேட்டரில் இருட்டுக்குள் உட்கார்ந்தபடியே இதை யோசித்தேன். அந்த நீலநிற மனிதர்களுக்கு மறைக்க எதுவும் இல்லை. நடிகர்கள் பெரிய தொட்டிக்குள் மூச்சை அடக்கி இறங்கி நடித்த அசைவின் மேல், தோலின் ஒவ்வொரு துளையும் கம்ப்யூட்டரில் கட்டப்பட்டது. கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிஷத்துக்கு மேல் மூச்சடக்கப் பழகினார். கிட்டே போய்ப் பார்க்கப் பார்க்க, கிட்டே பார்ப்பதற்கென்றே செய்த வேலைதான் தெரிகிறது. தோட்டா தரணியின் தாராவியோ கலங்கலையும் நிழலையும் நம்பிக் கட்டியது. தெருக்கூத்தில் துரியோதனன் போடும் அரிதாரம் ராத்திரி விளக்குக்காகப் போடுவது. அந்த வேஷத்தை உச்சி வெயிலில் நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, வர்ணம் அப்பியிருக்கிறது என்று குறை சொல்லக் கூடாது. அதிக பிரேம் பொய்யைச் சேர்ப்பதில்லை. ஒரு கலைஞன் எதை மறைப்பாக வைத்துக்கொண்டு வேலை செய்தானோ, அதை எடுத்துவிடுகிறது. செட் போடுகிறவர், மேக்கப் போடுகிறவர், விளக்கு வைக்கிறவர், நடிக்கிறவர் எல்லோரும் இவ்வளவுதான் தெரியும் என்ற ஒப்பந்தத்துக்குள் நின்று வேலை செய்திருக்கிறார்கள். முப்பது நாற்பது வருஷம் கழித்து அந்த ஒப்பந்தத்தை இன்னொருவர் கிழித்துவிட்டால், உழைத்தவர்கள் எல்லோரும் ஏமாற்றியவர்களாகத் தெரிவார்கள். அன்று ராத்திரி ஹாலில் எனக்கு வலித்தது அதுதான்.

நடிப்பிலும் இது நடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நடிகர் வசனத்துக்கு முன் விடும் சின்ன இடைவெளி, 24-ல் யோசனையாகத் தெரியும். அதே இடைவெளி வழவழப்பில் வசனம் வரக் காத்திருப்பதாகத் தெரியும். கண்ணிமைப்பு, தொண்டை அசைவு, பார்வை ஒரு கணம் கேமராப் பக்கம் நழுவுவது எல்லாம் மேலே வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சித்தப்பா சொன்னது மிகச் சரியான வர்ணனை. ஷூட்டிங் நடக்கும்போது பக்கத்தில் நிற்கிற மாதிரிதான் இருந்தது.

மெழுகு முகங்கள்

இதே கதை அசைவில் மட்டும் இல்லை, தெளிவிலும் நடக்கிறது. யூடியூபில் எண்பதுகளின் பாட்டுகளை 4கே, 60 பிரேம் என்று போட்டு ஏற்றுகிறார்கள். பிரியத்தோடுதான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மென்பொருள் பிலிமின் மணல் மணலான அந்தப் பொடியை அழுக்கு என்று நினைத்து வழித்தெடுக்கும்போது, அதோடு சேர்ந்து தோலும் போய்விடுகிறது. முகம் மெழுகாகிறது. கூந்தலில் தனித்தனிப் பூவாக இருந்த மல்லிகைச் சரம் ஒரே வெள்ளைத் திட்டாகிறது. பட்டுப்புடவையின் சரிகை ஒரு மஞ்சள் பட்டையாகிறது. பெரிய ஸ்டுடியோக்களும் இதற்கு விலக்கில்லை. 2024-ல் ‘ஏலியன்ஸ்’, ‘ட்ரூ லைஸ்’ படங்களின் 4கே பதிப்புகள் வந்தபோது, செயற்கை நுண்ணறிவால் முகங்களைத் தீட்டிவிட்டார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அந்தப் பொடி அழுக்கு இல்லை. பிலிமில் படம் உண்டாவதே அந்த வெள்ளி உப்புத் துகள்களால்தான். அதை வழித்தால் படத்தையே கொஞ்சம் வழித்ததாகத்தான் அர்த்தம்.

சரியாகச் செய்யவும் வழி இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே. அரவிந்தன் 1978-ல் எடுத்த மலையாளப் படம் ‘தம்பு’. ஒரு சர்க்கஸ் கூட்டம் ஆற்றங்கரைக் கிராமத்துக்கு வந்து போகிற கதை, கறுப்பு வெள்ளை. ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் முன்னின்று, சென்னை பிரசாத் நிறுவனத்திலும் இத்தாலியின் பொலோன்யாவிலும் வேலை நடந்து, 4கே-யில் மீட்டெடுத்த அந்தப் படம் 2022-ல் கான் விழாவில் காட்டப்பட்டது. தெளிவு என்றால் எனக்கு அதுதான். கீறலை எடுக்கலாம், பூஞ்சையை எடுக்கலாம், நடுங்கும் பிரேமை நிலைநிறுத்தலாம், வெளுத்துப்போன கறுப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். காலம் சேர்த்த கேடு எது, எடுத்தவர் வைத்த குணம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு மனிதக் கண் அந்த வேலையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சித்தப்பா சொன்ன ஆட்டத்துக்கு வருகிறேன், அதை ஒதுக்கிவிட்டுப் போவது நியாயமில்லை. தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு ஒரு தரம் உண்டு: திரையின் ஒளியை அளக்கும் ‘நிட்’ கணக்கில் சுமார் 48. இன்றைய நல்ல டிவி 500 நிட், 1000 நிட் என்று கொட்டுகிறது. வெளிச்சம் கூடக் கூடக் கண் விட்டுவிட்டுத் தெரிவதைச் சீக்கிரம் பிடித்துவிடும். அதனால் இருட்டான தியேட்டரில் மெத்தென்று இருந்த அதே 24 பிரேம், வீட்டு ஹாலில் டியூப்லைட்டும் எரிய, டிவியும் முழு வெளிச்சத்தில் எரிய, துள்ளுகிறது. சித்தப்பாவின் கண் பொய் சொல்லவில்லை. பிறகொரு முறை போனபோது, படம் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு மோடில் அந்த நடு பிரேம் வேலையை அணைத்து, வெளிச்சத்தைக் கணிசமாக இறக்கி, ஹால் விளக்கையும் அணைத்துக் காட்டினேன். ஆட்டம் பெருமளவு அடங்கிவிட்டது. “இருட்டா இருக்கே” என்றார் முதலில். கண் பழகியதும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். மேட்சுக்கு வேறு மோட், அதில் எல்லாம் ஆனிலேயே இருக்கிறது. அங்கே நான் கை வைக்கவில்லை. ஆனால் இதையெல்லாம் மெனுவுக்குள் மெனுவாகத் தேடிப் போய்ச் செய்ய ஒரு மருமகனோ பிள்ளையோ எல்லா வீட்டிலும் இருக்கப் போவதில்லை. படம் எடுத்தவர்கள் எடுத்தபடி தெரிவது பெட்டியைத் திறந்ததும் கிடைக்க வேண்டியது. மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மெனுவுக்குள் போகட்டும்.

இனி வரும் படங்களைப் பற்றி எனக்கு வேறு ஓர் ஆசை இருக்கிறது. 48 பிரேம் நம் பாட்டு ஷூட்டிங்குக்குப் புதிதே இல்லை. ஸ்லோமோஷனில் ஆடினாலும் உதடு பாட்டோடு பொருந்த வேண்டும் என்றால், பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அந்த வேகத்துக்கு ஆடவைத்து, 48-ல் எடுத்து 24-ல் ஓட்டுவார்கள். கேமரா எத்தனையோ வருஷமாக 48 எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. திரைக்கு அது போகவில்லை. பரதநாட்டிய ஜதியின் மிக வேகமான மூன்றாம் காலத்தில் பாதம் தரையைத் தட்டுவது 24-ல் கலங்கிப்போகிறது. சிலம்பம் சுற்றும்போது கழி ஒரு புகையாகத்தான் தெரிகிறது. அலையை உடைத்துக்கொண்டு கரையிலிருந்து கிளம்பும் ஒரு வள்ளம், வாடிவாசலிலிருந்து சீறி வரும் காளை என்று அதிக பிரேமுக்காகவே காத்திருக்கும் விஷயங்கள் நம்மிடம் ஏராளம். அவற்றில் மறைக்க எதுவும் இல்லை. நம் ஒளிப்பதிவாளர்கள் புதுக் கருவிக்குப் பயப்படுகிறவர்களும் இல்லை. ‘நாயகன்’ எடுத்த அதே பி.சி. ஸ்ரீராம்தான் 2004-ல், தமிழில் ஹெச்டி டிஜிட்டலில் வந்த முதல் படங்களில் ஒன்றான ‘வானம் வசப்படும்’ படத்தை இயக்கினார்.

அப்படி ஒரு காட்சியை எடுக்க நினைக்கிற இயக்குநர், கேமரா வாடகைக்கு எடுக்கும் நாளில் அல்ல, கதை பேசும் நாளிலேயே அதை முடிவு செய்ய வேண்டியிருக்கும். கலை இயக்குநர் சுவரைப் பலகையில் பூசாமல் செங்கல்லில் கட்ட வேண்டியிருக்கும். மேக்கப்மேன் பாதி டப்பாவை மூடி வைக்க வேண்டியிருக்கும். ஒளிப்பதிவாளர் 24-ல் கற்ற நிழல்களை மறுபடி முதலிலிருந்து சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும். செலவும் நாளும் கூடும். யாராவது செய்தால், அந்த வழவழப்பைப் பார்க்க முதல் நாள் முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துப் போவேன்.